வளைதடியும் அதன் கட்டும்

ஓர் ஆட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் வென்றோர் பெயரையும் தோற்றோர் பெயரையும் ஆண்டு முறையே நிரல்படுத்துவதோடு அமைந்துவிடுவர். அவ்வீரர் கையிலிருந்த கருவி எம்மரத்தால் ஆனது, அதனை இயற்றிய கைகள் எவை, அது எவ்வாறு பேணப்பட்டது என்பன ஏட்டில் ஏறுவது அரிது. ஹொக்கி எனப்படும் வளைதடிப் பந்தாட்டத்தின் வரலாற்றில் இக்குறை பெரிதும் புலப்படுகின்றது. அவ்வாட்டத்தின் தடியோ ஒரு கைத்தொழிலின் எழுச்சியையும், ஒரு நாட்டின் பிரிவினையையும், ஒரு மரத்தின் வீழ்ச்சியையும் தன்னகத்தே அடக்கியது. ஆதலின் அதனைத் தனியே ஆராய்தல் தகும்.

வளைந்த தடிகொண்டு பந்தடிக்கும் வழக்கம் மிகப் பழையது. 1922இல் ஏதென்ஸ் நகரில் கண்டெடுக்கப்பட்ட சலவைக்கற் சிற்பமொன்றில் இளைஞர் இருவர் குனிந்து நின்று, தலைகீழாய்ப் பிடித்த வளைதடிகளாற் பந்தை மறிக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அது கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தது. எனினும் இன்றைய ஆட்டம் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் படைப்பாகும். 1886இல் இலண்டனில் ஹொக்கிச் சங்கம் நிறுவப்பட்ட பின்னர் ஆட்டவிதிகள் ஒருமை பெற்றன. அவ்விதிகளுள் தடியைப் பற்றியன மூன்று சிறப்பாக நோக்கத்தக்கன. தடியின் இடப்புறம் மாத்திரமே தட்டையாயிருத்தல் வேண்டும். நிறை 28 அவுன்சை மிஞ்சலாகாது. 2 அங்குல உள்விட்டமுடைய வளையமொன்றினூடே தடி முழுவதும் புகுந்து வெளிவருதல் வேண்டும்.

இவற்றுள் மூன்றாவது விதியே நம் பொருளுக்கு வாயில். வளையத்தினூடே புகவேண்டியது வெறுந்தடியன்று. அதன்மேற் சுற்றிய கட்டும் உடன் புகுதல் வேண்டும். அக்கட்டினைக் குறிக்க விதிநூலார் ஆண்ட சொல் வைத்தியசாலையிலிருந்து வந்தது. காயத்துக்கு இடும் சத்திரசிகிச்சைக் கட்டு என்னும் பொருள்படவே அவர் அதனை எழுதினர். பசைதோய்ந்த வெண்துணிப் பட்டி மனிதன் உடலுக்கும் மரத்தின் உடலுக்கும் ஒருங்கே மருந்தாயிற்று. அடிபட்டுப் பிளந்த தடியை எறிந்துவிடாது கட்டிட்டு ஆளும் வழக்கத்தை விதியே ஒப்புக்கொண்டது; அதே வேளையில், கட்டு என்னும் பெயரால் தடியைத் தண்டாயுதமாகப் பருக்கச் செய்வதற்கு வளையத்தால் எல்லையும் வகுத்தது.

கட்டு ஏன் வேண்டப்பட்டது என்பதை அறியத் தடியின் அமைப்பை அறிதல் வேண்டும். பழைய தடி ஒரே மரத்துண்டன்று. பந்தை அடிக்கும் வளைந்த தலை மரத்தாலானது, கைப்பிடி பிரம்பாலானது. பிரம்புகளை ஒருங்கு சேர்த்து, இடையிடையே இறப்பர்த் துண்டுகளை வைத்து ஒட்டிப் பிடியை ஆக்குவர். பந்து மோதும்போது எழும் அதிர்ச்சியைக் கை உணராவண்ணம் தாங்குவன இவையே. பிடியின் அடியை ஆப்புப்போற் செதுக்கி மரத்தலையின் பிளவினுட் செருகிப் பசையால் ஒட்டி, அதன்மேல் நூலை நெருங்கச் சுற்றுவர். அதற்குமேற் கைவழுக்காதபடி துணியோ தோலோ இறப்பரோ உறையாக அமையும். ஆகவே தடி தோன்றும்போதே கட்டுடன் தோன்றிற்று எனலாம். ஆட்டக்காரன் பின்னர் இட்ட ஒட்டுப்பட்டி, கைவினைஞன் முன்னர் இட்ட நூற்கட்டின் தொடர்ச்சியேயாகும்.

இத்தகைய தடிக்குப் பகை மூன்று: ஈரம், வெயில், எதிரியின் தடி. ஈரம் மரத்தைப் பருக்கச் செய்து இழைகளைத் தளர்த்தும். பொருத்தினுட் புகுந்து பசையையும் கரைக்கும். கடுவெயில் மரத்தை உலர்த்திப் பிளக்கும். எதிரியின் தடியோ தலைக்கு மேலுள்ள பகுதியை ஓயாது தாக்கும். இம்மூன்றுக்கும் மாற்று அறிந்தே ஆட்டக்காரர் தடியைப் பேணினர். ஆட்டம் முடிந்ததும் சேற்றைத் துடைத்து, நெருப்பருகே வையாது காற்றோட்டமுள்ள நிழலில் உலரவிடுவர். பின் தலைப்பகுதிக்கு ஆளிவிதை எண்ணெயைச் சிறிதளவாகப் பூசுவர். எண்ணெய் மிகின் தடி கனக்கும். பொருத்திற் படின் நூலும் பசையும் கெடும். எழுந்துநின்ற சிராய்களை அரத்தாள் கொண்டு தேய்த்து மட்டமாக்கி, அடிபடும் இடத்தில் ஒட்டுப்பட்டியை ஒன்றன்மேலொன்று பாதி படியுமாறு கீழிருந்து மேலாகச் சுற்றுவர். பருவம் முழுதும் ஒரே தடியுடன் ஆடிய ஏழை மாணவனுக்கு இவ்வறிவு ஆட்டத்திறனுக்கு ஒப்பான செல்வமாயிருந்தது.

ஆங்கிலேயர் தம் தடிக்கு ஆஷ் என்னும் மரத்தை ஆண்டனர். அது நீண்ட இழைகளையுடையது. நீராவியால் வளைக்கலாமாயினும் சிறு வட்டமாக மடக்கின் முறியும். ஆதலின் ஆங்கிலத் தடியின் தலை நீண்டு கிடந்தது. இந்தியாவிற் கிடைத்த முசுக்கட்டை மரமோ நெருங்கிய இழைகளும் உரமும் உடையது. குறுக மடக்கினும் முறியாது. லாகூருக்கு அண்மையில் 1866இல் புகைவண்டி விறகுக்கென நடப்பட்ட சங்கா மங்காக் காட்டில் இம்மரம் செழித்துப் பெருகிற்று. பஞ்சாபின் சியால்கோட் நகரக் கைவினைஞர் அதனைக்கொண்டு குறுந்தலைத் தடிகளை இயற்றினர். தலை குறுகவே மணிக்கட்டின் ஒரு திருப்பத்தால் தடியைப் புரட்டிப் பந்தை இருபுறமும் ஆளுதல் எளிதாயிற்று. வன்மையால் அடித்துத் துரத்தும் ஆட்டம் மென்மையால் ஏய்த்துச் செல்லும் ஆட்டமாக மாறியது. இந்திய ஆட்டக்கலையின் நுட்பம் வீரரது கையில் மாத்திரமன்றி முசுக்கட்டையின் இழையிலும் இருந்தது என்பது மிகையன்று.

அந்நுட்பத்தை உலகம் 1928இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கிற் கண்டது. அங்கு இந்தியா முதன்முறையாகத் தங்கப்பதக்கம் வென்றது. 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் வழியில் இந்திய அணி கொழும்பிலும் இறங்கி ஆடியது. அவ்வாண்டு ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 24-1 என வென்றது. 1936இல் பேர்லினில், மழையால் ஒருநாள் பிற்போடப்பட்ட இறுதி ஆட்டத்தில், தியான் சந்தின் தலைமையில் ஜேர்மனியை 8-1 என வீழ்த்தியது. தியான் சந்தின் தடியினுட் காந்தம் உண்டோ என ஐயுற்று ஒல்லாந்தில் அதனை உடைத்துப் பார்த்தனர் என்றொரு கதை வழங்குகின்றது. அது செவிவழிக் கதையே. ஆயினும் காண்போர் வியப்பு வீரனைவிட்டு அவன் கருவியின்மேற் சென்றது என்பதற்கு அக்கதையே சான்று.

1947ஆம் ஆண்டின் பிரிவினை இத்தொழிலை நடுவே பிளந்தது. சியால்கோட் பாகிஸ்தானுக்குரியதாயிற்று. அங்கு தொழில் நடத்திய இந்துக்களும் சீக்கியரும் பலர் உடைமைகளை விடுத்து எல்லையைக் கடந்து, ஜலந்தர் நகரிற் புதிதாகப் பட்டறைகளை அமைத்தனர். சங்கா மங்காக் காடு எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது; கைப்பழக்கம் ஒன்றே அவர் கொணர்ந்த முதல். அடுத்த ஆண்டில் இலண்டன் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்திற் சுதந்திர இந்தியா பிரித்தானியாவை 4-0 என வென்றபோது, அவ்வெற்றியை உலகம் போற்றியது. இடம்பெயர்ந்த தொழிலாளரை எவரும் நினைந்திலர். 1960இல் றோமில் பாகிஸ்தான் இந்தியாவை 1-0 என வென்று தங்கத்தைப் பெற்றது. எதிரெதிர் நின்ற இரு அணிகளின் ஆட்டமும் ஒரே தொழில் மரபில் வளர்ந்தது என்பதை வரலாற்று மாணவன் மறத்தலாகாது.

பிரிவினையாலும் அழியாத அம்மரபை அசைத்தது ஆடுகளத்தின் மாற்றமாகும். 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹொக்கி முதன்முறையாகச் செயற்கைப் புற்றரையில் ஆடப்பட்டது. நீர் தெளித்த அத்தரையிற் பந்து மேடுபள்ளமின்றி விரைந்தோடிற்று. இயற்கைப் புல்லில் வளர்ந்த நுண்ணிய ஆட்டத்தினும் விரைவும் வன்மையும் மேலோங்கின. இந்தியா 1980இல் மொஸ்கோவில் பெற்ற தங்கத்துக்குப் பின் ஒலிம்பிக்கில் வேறு தங்கம் பெற்றிலது. இவ்வீழ்ச்சிக்குக் காரணம் பலவாயினும், பெருஞ்செலவில் அமையும் அத்தரை ஏழை நாடுகளின் மாணவர்க்கு எட்டாப் பொருளாயிருந்தமை அவற்றுள் ஒன்று. 1990களில் கண்ணாடி நாராலும் கரிநாராலும் அச்சில் வார்த்த தடிகள் களம் புகுந்தன. மரத்தால் இயலாத வளைவுகளை அச்சு எளிதில் தந்தது. அவ்வளைவு வரம்பு கடவாதிருக்க 2006 முதல் 25 மில்லிமீற்றர் என்னும் எல்லை வகுக்கப்பட்டது. முசுக்கட்டை உயர்நிலை ஆட்டத்தினின்று மறைந்தது. சியால்கோட்டும் ஜலந்தரும் அழிந்தொழியவில்லை. அவையும் புதுநார்த் தடிகளை வார்க்கக் கற்றுக்கொண்டன.

புதுத்தடி ஈரத்துக்கு அஞ்சுவதில்லை, எண்ணெயும் வேண்டுவதில்லை. இன்றும் ஆட்டக்காரர் பிடிக்கு உறை சுற்றுகின்றனர்; தலை தேயாதபடி பட்டி ஒட்டுகின்றனர். 2 அங்குல வளையம் 51 மில்லிமீற்றர் என்னும் பெயரில் இன்றும் கட்டையும் சேர்த்தே அளக்கின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மரத்தடி பிளந்தால் நூலும் பசையும் பட்டியும் அதற்கு மறுவாழ்வு அளித்தன. நார்த்தடி உள்ளே நொறுங்கினால் வெளிக்கட்டு அதனை மறைக்குமேயன்றி மீட்காது. முன்னையது ஊர்த் தச்சனாலும் மாணவனாலும் செப்பனிடத்தக்கது. பின்னையது விலைகொடுத்து மாற்றத்தக்கது.

விரைவும் உறுதியும் பெருகியமை மெய்யே; அதனை மறுத்தல் அறிவுடைமையன்று. ஆனால் கருவியைத் தன் கையாற் செப்பனிடவல்லவனுக்கே அதன் இயல்பு முழுதும் விளங்கும். தடிக்குக் கட்டிட்ட மாணவன் மரத்தையும் அதனை வளைத்தவன் உழைப்பையும் ஒருங்கே அறிந்தான். அவ்வறிவு வெற்றிப் பட்டியல்களில் இடம்பெறாதது. ஆயினும் அப்பட்டியல்களுட் பலவற்றை ஆக்கித் தந்தது அதுவே.