காணாமல் ஆக்கப்பட்ட உறவுகள்: மனித உரிமை இயக்கம் சாதித்ததும் இனிச் செய்யவேண்டியதும்

ஹூஸ்ரன் நகரின் ஹில்குரொஃப்ற் வீதிக் கடைப்பகுதிக்கு 2010 இல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயரிடப்பட்டது. மரக்கறி வாங்க அங்கு வந்துபோகும் எம்மவர் சிலரின் வீடுகளிலும் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படம் இருக்கக்கூடும். அவருக்காக மனித உரிமை இயக்கம் இதுவரை எதைச் சாதித்தது, இனி நாம் என்ன செய்யலாம்?

செம்மணி

1996 செப்ரெம்பர் 7 அன்று மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாய், தம்பி, அயலவர் மூவரும் கொல்லப்பட்டனர். 1998 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்ட சோமரத்ன ராஜபக்ச, அப்பகுதியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டதாக நீதிமன்றில் கூறினார். 1999 அகழ்வில் கிடைத்தவை 15.

2025 இல் அருகிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் வெளிவந்தன. பாடசாலைப் பையும் பொம்மையும் கூடக் கிடைத்தன. உறவினர்கள் அடையாளம் காண்பதற்காக ஓகஸ்ட் 5 அன்று அப்பொருட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் அடையாளம் சொல்லக்கூடியவர்களில் பலர் இன்று கடல் கடந்து வாழ்கிறார்கள்.

ஜெனீவா

ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானம் 2021 மார்ச்சில் நிறைவேறியது. இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை அது ஆணையாளர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. 2025 ஒக்ரோபரில் அப்பணி மீண்டும் நீடிக்கப்பட்டது. இது நீதிமன்றம் அன்று. ஆயினும் நாளை எந்த நாட்டில் வழக்கு வந்தாலும் இச்சான்றுகள் உதவும்.

ஆர்ஜென்ரீனா

இராணுவ ஆட்சி பறித்த பேரக்குழந்தைகளைத் தேடி அங்குள்ள பாட்டிமார் 1977 இல் அமைப்பாகத் திரண்டனர். 1987 இல் அரச மரபணு வங்கி உருவானது. இதுவரை 130க்கும் மேற்பட்டோர் கண்டறியப்பட்டுள்ளனர். பாட்டிமார் பலர் இறந்தபின்னும் அவர்கள் கொடுத்த இரத்த மாதிரிகள் பேசுகின்றன.

நாம் செய்யக்கூடியவை

பற்றுச்சீட்டு இல்லாத செலவு கணக்கில் ஏறாது. சாட்சியமும் அப்படித்தான்.

• காணாமல் ஆக்கப்பட்டவரின் முழுப்பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், நாள், உடுத்திருந்த உடை, பழைய காயம், பல் அடையாளம் ஆகியவற்றை எழுதிவையுங்கள்.
• பொலிஸ், செஞ்சிலுவைக் குழு முறைப்பாடுகளின் மூலப்பிரதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பிரதியை மட்டும் கொடுங்கள்.
• ஊரில் உள்ளவரின் பெயரை அவர் சம்மதமின்றி அனுப்பாதீர்கள்.
• முதியவர்களின் வாக்குமூலத்தை முதலில் பதியுங்கள். மரபணு மாதிரி பற்றியும் அவர்களிடம் இப்போதே பேசுங்கள்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் போராடும் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டனர். எங்கள் வீட்டு முதியவர்களுக்கும் காலம் அதிகமில்லை.