சுட்டித் தானியங்கி

சுட்டித் தானியங்கி என்பது பழைய கணினிச் சுட்டி ஒன்றின் கூட்டினுள், பிற வீட்டுக் கருவிகளிலிருந்து கழற்றிய பாகங்களைக் கொண்டு அமைக்கப்படும் சிறிய நகரும் தானியங்கி (ரோபோ) ஆகும். ஒளி மிகுந்த பக்கத்தை நோக்கித் தானே திரும்பிச் செல்வது இதன் முதன்மை இயல்பு. இதில் கணினியோ நிரலோ இல்லை.

பின்னணி

1940களின் இறுதியில் இங்கிலாந்தில் வில்லியம் கிரே வால்டர் ஒளியைத் தேடிச் செல்லும் "ஆமை" தானியங்கிகளை உருவாக்கினார். சில எளிய இணைப்புகளே உயிரினத்தை ஒத்த நடத்தையைத் தரும் என்பதை அவை காட்டின. வாலன்டினோ பிரைட்டன்பெர்க் 1984 இல் வெளியிட்ட தமது நூலில் இக்கருத்தைக் கற்பனை வண்டிகளைக் கொண்டு விளக்கினார். 1980களின் இறுதியில் கனடாவில் மார்க் டில்டன் தொடங்கிய பீம் தானியங்கியியல், கழிக்கப்பட்ட கருவிகளின் பாகங்களைப் பயன்படுத்துவதை ஊக்குவித்தது. ராண்டி சார்ஜென்ட் வடிவமைத்த "ஹெர்பி" என்னும் சுற்றை அடிப்படையாகக் கொண்ட சுட்டித் தானியங்கியின் செய்முறையை கரெத் பிரான்வின் 2005 இல் "மேக்" இதழில் எழுதினார்.

தேவையான பாகங்கள்

- உருளும் பந்து கொண்ட பழைய சுட்டி: கூடு, பொத்தான் ஆளி, இரண்டு அகச்சிவப்பு ஒளி உமிழிகள்
- கேசட் பிளேயர் போன்றவற்றிலிருந்து இரண்டு சிறு மோட்டார்கள்
- எல்எம்386 என்னும் ஒலிப்பெருக்கிச் சில்லு
- 9 வோல்ட் மின்கலம், இணைப்புக் கம்பிகள், சக்கரத்துக்கு இரப்பர் வளையம்

அகச்சிவப்புக் கதிரை உமிழும் இருமுனையம் அக்கதிரை உணரவும் வல்லது. ஆகையால் சுட்டியில் விளக்காக இருந்த பாகமே இங்கே கண்ணாகிறது.

இயங்கும் முறை

இரு கண்களும் சில்லின் உள்ளீட்டுடன் இணைக்கப்படுகின்றன. அவற்றில் விழும் ஒளியின் வேறுபாட்டுக்கு ஏற்பச் சில்லின் வெளியீடு மாறுகிறது. ஒரு மோட்டார் சில்லின் வெளியீட்டுக்கும் நேர்முனைக்கும் இடையிலும், மற்றது வெளியீட்டுக்கும் எதிர்முனைக்கும் இடையிலும் அமையும்.

இரு கண்களிலும் ஒளி சமமாக விழும்போது வெளியீடு ஏறத்தாழ 4.5 வோல்ட்டில் நிற்கும். இரு மோட்டார்களும் ஒரே அளவில் சுழலும். தானியங்கி நேராகச் செல்லும். இடப்பக்கத்தில் ஒளி மிகுந்தால் வெளியீடு ஒரு பக்கம் சாய்ந்து, வலப்பக்க மோட்டார் விரைவாகவும் இடப்பக்க மோட்டார் மெதுவாகவும் சுழலும். அதனால் தானியங்கி இடப்பக்கம் திரும்பும். கண்களின் இடத்தை மாற்றி இணைத்தால் அதே தானியங்கி ஒளியை விட்டு விலகி ஓடும்.

சுட்டியின் பொத்தான் ஆளியை முன்புறத்தில் மீசைபோல் பொருத்தி, ஒரு ரிலேயையும் சேர்த்தால், சுவரில் மோதியதும் சிறிது நேரம் பின்னோக்கிச் செல்லும்படி செய்யலாம்.

பொதுவான சிக்கல்கள்

இக்கண்கள் உணர்வது பெரும்பாலும் அகச்சிவப்பையே. வெயிலிலும் இழை பல்பின் ஒளியிலும் அது நிறைந்துள்ளது. எல்இடி விளக்கில் மிகக் குறைவு. எனவே எல்இடி விளக்கு மட்டும் எரியும் அறையில் சரியாகக் கட்டப்பட்ட தானியங்கியும் ஒளியைத் தேடாமல் போகலாம். அங்கே பிழை சுற்றில் இல்லை.

கேசட் பிளேயர் மோட்டார்கள் பலவற்றின் உள்ளே வேகத்தை நிலைப்படுத்தும் சுற்று உண்டு. அதை நீக்காவிடில் மோட்டார் மின்னழுத்த மாற்றத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றாது. மிகுந்த மின்னோட்டம் இழுக்கும் பொம்மை மோட்டார்கள் சில்லைச் சூடாக்கிவிடும்.

பந்துச் சுட்டிகளின் இடத்தை ஒளியியல் சுட்டிகள் பிடித்துவிட்டதால் பழைய பாகங்கள் அரிதாகி வருகின்றன. கடைகளில் கிடைக்கும் ஒளி உணரிகளையும் பயன்படுத்தலாம்.

பாதுகாப்பு

பாகங்களைக் கழற்றுவதற்கு மின்கலத்தில் இயங்கும் சிறு கருவிகளே ஏற்றவை; அவற்றிலும் முதலில் மின்கலத்தை அகற்ற வேண்டும். புகைப்படக் கருவியின் பிளாஷ் விளக்கிலுள்ள மின்தேக்கி, மின்கலத்தை எடுத்த பின்னரும் சுமார் 300 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கக்கூடும். படக்குழாய்த் தொலைக்காட்சி, நுண்ணலை அடுப்பு ஆகியவற்றைத் திறப்பது உயிருக்கு ஆபத்தானது. பற்றவைக்கும்போது காற்றோட்டம் தேவை.

கற்றலில் பயன்

நிரல் வழி இயங்கும் தானியங்கியில் முடிவெடுக்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுட்டித் தானியங்கியிலோ ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணமான மின்னழுத்தத்தை மாணவர் அளவிமானி கொண்டு அளந்தறியலாம். அளந்து அறிந்த பின்னும் அதன் ஓட்டம் பூச்சியொன்று விளக்கை நாடுவதுபோலவே தோன்றும். எளிய காரணத்திலிருந்து நோக்கமுள்ளதுபோன்ற நடத்தை எவ்வாறு பிறக்கிறது என்பதே இத்தானியங்கி கற்பிக்கும் பாடம் ஆகும்.