கணக்குக்கு அடங்காத பிறப்பு

1974 நவம்பரில் புரூக்ஹேவனில் டிங்கும் ஸ்டான்ஃபோர்டில் ரிக்டரும் தனித்தனியே கண்ட ஜே/சை, சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் பிணைந்த துகள். இவ்விணை, வல்விசைக்குரிய 'நிறம்' என்னும் ஏற்றமின்றியே பிறக்குமென்று கணக்கிட்டனர். எளிமையான கணக்குத்தான்! 1990களில் டெவட்ரான் மோதல்களில் அதன் உறவுத்துகளான சை-பிரைம், கணித்ததைவிடச் சுமார் 30 மடங்கு பிறந்தது.

1995இல் போட்வின், பிராட்டன், லெப்பாஜ் மூவரும், நிறத்தோடு பிறந்த இணையும் குளூவான்களை உமிழ்ந்து நிறம் களையலாம் என்றனர். எண்ணிக்கை பொருந்தியது. ஆனால் அதற்கான மாறிலிகளை அளவீட்டிலிருந்தே எடுத்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. மெய்யான சோதனை வேறு: மிகு உந்தத்தில் துகளின் தற்சுழற்சி பயணத்திசையை ஒட்டி நிற்குமென்றது கோட்பாடு. டெவட்ரானின் 2007ஆம் ஆண்டு அளவீட்டில் அத்தகைய சாய்வு தென்படவில்லை. பின்வந்த நுண்கணக்குகளிலோ, எந்தத் தரவுகளைக்கொண்டு மாறிலிகளைப் பொருத்துகிறோம் என்பதற்கேற்ப விடையும் மாறுகிறது.