எந்தச் சாதியும் பட்டா வாங்காத தொழில்

பர்லியாரில் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு பையன் வெல்டர் ஆக வேண்டுமென்றால், மலைப்பாதையில் எந்தப் பக்கம் பஸ் ஏறுவது? கீழே இறங்கினால் மேட்டுப்பாளையம், கோவைப் பட்டறைகள். மேலே ஏறினால் குன்னூர் அரசு ஐ.டி.ஐ., அதையும் தாண்டினால் 1904-இல் தொடங்கிய அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வரலாற்றில் விடை தேடலாம் தோழர்களே.

இரும்படிப்பது, மரவேலை, தோல் பதனிடுவது என்று கைத்தொழில்களையெல்லாம் சாதி முன்பே பங்கு போட்டுவிட்டது. வெல்டிங் ஆலைகளில் பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு யாரும் பட்டா வாங்கி வைத்திருக்கவில்லை.

அதற்காகக் கதவு தானாகத் திறந்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். பஞ்சாலையும் புதிதாக வந்ததுதான். பம்பாய் ஆலைகளில் கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், அதனால் தீட்டாம்! 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதை வெளிப்படையாகக் கேட்டார்.

அமெரிக்காவில் வெல்டிங்கிலேயே இது நடந்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் கட்ட ஆள் போதாமல் கறுப்பின மக்களையும் வெல்டர்களாக எடுத்தார்கள். கொதிகலன் தொழிலாளர் சங்கமோ அவர்களைத் தனியாகத் துணைக் கிளைகளில் ஒதுக்கியது. சந்தா உண்டு, சம உரிமை கிடையாது. கலிபோர்னியாவின் மரின்ஷிப் தளத்தில் ஜோசப் ஜேம்ஸ் என்ற வெல்டர் அதில் சேர மறுத்து வழக்குப் போட்டார். 1944 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அங்கே ஆலைக்குள் நுழைந்த பிறகும் சங்கத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. இங்கே நமக்கு நுழைவதே போராட்டம்.

அந்த நுழைவுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973-இல் 3ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முதலாளி இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். இன்றைய விதிப்படி 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்கள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். தனியார் துறை இடஒதுக்கீடு பற்றி முழங்கும் மேடைகளில் இந்தப் பிரிவின் பெயர் காதில் விழுவது அபூர்வம்.

ஓட்டையும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பட்டறைக்காரர் 'தெரிந்த பையன்' தேடுகிற இடத்தில், 'எந்த ஊரு, எந்தத் தெரு?' என்ற பழைய கேள்வி திரும்ப வருகிறது.

அதனால் சான்றிதழை விட்டுவிடாதீர்கள். ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவு ஓராண்டுதான், எட்டாவது தேர்ச்சி போதும். அப்ரண்டிஸ் முடித்தால் தேசியச் சான்றிதழ். அதற்கு மேலே பைப் வெல்டிங், பிறகு கொதிகலன் வெல்டர் தேர்வு. திருச்சி பெல் போன்ற கொதிகலன் ஆலைகளில் உயர் அழுத்தக் குழாய் இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே துளை இருந்தால் படத்தில் தெரியும், போட்டவரின் தெரு தெரியாது.

அருவங்காடு ஆலை 2021 அக்டோபரில் அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இப்போதும் அதற்குப் பொருந்தும். வெல்டர் அப்ரண்டிஸ் இடங்கள் எத்தனை, நமக்கு ஒதுக்கியவை எத்தனை, நிரப்பியவை எத்தனை என்று கேட்க 10 ரூபாய்தான் கட்டணம். குன்னூரில் படிக்கும் தோழர்கள் முதல் மனுவை எழுதலாம்.