பாதிரிமார் கேலி உருவப்படங்கள் (இங்கிலாந்து, 18ஆம் நூற்றாண்டு)

இங்கிலாந்தின் மாத இதழ்களிலும் லண்டன் படக்கடைகளிலும் பாதிரிமாரை எள்ளி வெளிவந்த செப்புத்தகட்டு அச்சுப்படங்கள். இவற்றில் பல தனியாளைச் சாடவில்லை. தசமபாகம் வாங்கிக் கொழுத்தவர், பல பங்குகளின் வருமானத்தை ஒருவராகவே அனுபவிப்பவர், சபையைத் தூங்கவைக்கும் பிரசங்கி என்று வகைகளையே காட்டின. வில்லியம் ஹோகார்த்தின் ‘தூங்கும் சபை’ (1736) இதற்கு நல்ல சான்று. இந்த ஏளனத்துக்குத் திருச்சபையின் நடப்பே இடம் கொடுத்தது.

1760களில் தனிமனிதர் மீதும் குறி விழுந்தது. பிரசங்கி ஜார்ஜ் விட்ஃபீல்டுக்குச் சிறுவயதில் அம்மை நோயால் ஏற்பட்ட மாறுகண்ணை நாடகாசிரியர் சாமுவேல் ஃபூட் 1760இல் மேடையேற்றினார். படக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டனர். பிரசங்கத்தை மறுக்க வழியின்றிக் கண்ணைப் பழித்தது இக்கலையின் இழிவான பக்கம். தன்னைத் தாக்கி எழுதிய பாதிரி-கவிஞர் சார்லஸ் சர்ச்சிலை 1763இல் ஹோகார்த் கிழிந்த கழுத்துப்பட்டியும் பீர்க் குவளையுமாகக் கரடியாக்கினார். பழைய தகட்டில் இருந்த தன் முகத்தை அழித்துவிட்டே அந்தக் கரடியைச் செதுக்கினார். அவருடைய நாய் மட்டும் அழியாமல் நின்றது.

செப்புத்தகட்டை எழுத்துப் பக்கத்தோடு சேர்த்து அச்சிட முடியாது. தனி அழுத்தப்பொறியில் தனித்தாளாக அச்சிட்டு இதழில் சேர்ப்பார்கள். அதனால் வாசகர் எளிதாகப் பிரித்தெடுத்துச் சேர்த்துவைக்க முடிந்தது. இப்படிப் படம் சேர்த்த இதழ்களில் ஒன்றான, 1769இல் தொடங்கிய ‘டவுன் அண்ட் கன்ட்ரி மேகசின்’ ஓர் ஆணையும் அவருடைய காதலியையும் இரு நீள்வட்டப் படங்களில் எதிரெதிரே நிறுத்தியது. முழுப்பெயருக்குப் பதில் பட்டப்பெயரும் கோடிட்ட எழுத்துகளும் இருக்கும். ஆனாலும் ஊருக்கு ஆள் தெரியும். ஷெரிடன் 1777இல் எழுதிய நாடகத்திலேயே இந்தப் படப்பகுதி பேசப்படுகிறது.

ஆடம்பர உடையால் ‘மேக்கரோனி பாதிரி’ என எள்ளப்பட்ட வில்லியம் டாட், ஒருகாலத்தில் தாமே கிறிஸ்தவ மாத இதழொன்றை நடத்தியவர். லண்டனின் வளமான பங்கு ஒன்றுக்காக 1774இல் அவர் மனைவி லஞ்சம் தர முயன்றது வெளிவந்ததும் அரச குருப்பதவி போனது. பின்பு 4,200 பவுன் கடன்பத்திரத்தைப் போலியாக்கிய குற்றத்துக்காக 1777 ஜூன் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். அவரைக் காப்பாற்றக் கேட்ட மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டனர்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் ஏளனம் திருச்சபைக்கு வெளியே நின்ற போதகர்கள் பக்கம் சாய்ந்தது. அவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் பிரைஸை ஓவியர் ஜேம்ஸ் கில்ரே 1790இல் சதிகாரராக வரைந்தார். 1798இல் ‘ஆன்டி-ஜேகபின்’ மாத இதழுக்கு அவர் வரைந்த பெரிய படத்தில் இன்னொரு போதகரான ஜோசப் பிரீஸ்ட்லியும் இருக்கிறார். பிரீஸ்ட்லியின் பர்மிங்ஹாம் வீட்டைக் கலகக்கூட்டம் 1791இலேயே எரித்துவிட்டது. 1794இல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.