நாற்பது கஜமும் எழுபத்தைந்து கிலோவும்

அமெரிக்கக் கால்பந்தில் களத்தின் ஓரத்தில் நின்று, ஆட்டம் தொடங்கியதும் பாய்ந்தோடி, குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர் ‘வைட் ரிசீவர்’. கல்லூரிகளில் ஆடும் ரிசீவர்களைத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் ஆண்டுதோறும் ‘டிராஃப்ட்’ என்ற தேர்வில் எடுத்துக்கொள்கின்றன. அந்தத் தேர்வில் தீராத வழக்கு ஒன்று உண்டு: பையன் காற்றாய்ப் பறக்கிறான், ஆனால் உடம்பு ஊதினால் விழுந்துவிடும்போல் இருக்கிறது, எடுக்கலாமா, வேண்டாமா?

வேகத்தை அளக்க 40 கஜ ஓட்டத்தைப் புகுத்தியவர் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் பயிற்சியாளர் பால் பிரவுன் என்பது வழக்கு. உதைத்த பந்து விழும் இடத்துக்கு ஓட வேண்டிய தூரம் ஏறத்தாழ அவ்வளவு. 1960களில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணி ஒரு படி மேலே போய்க் கணினியை நாடியது. ஆட்டக்காரர்களுக்கு மதிப்பெண் போடும் முறையை அமைத்துக் கொடுத்தவர் சலாம் குரேஷி என்ற இந்தியப் புள்ளியியலாளர். அதே அணி 1964 டிராஃப்டில் ஏழாம் சுற்றில் எடுத்து வைத்த பாப் ஹேஸ், அந்த ஆண்டே டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.0 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். 1965இல், தம் முதல் சீசனிலேயே, பந்தைப் பிடித்து 1,003 கஜமும், எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் ‘டச்டவுன்’ 12உம் எடுத்தார். ஆனால் ஹேஸ் ஒல்லிக்குச்சி அல்ல, கட்டுமஸ்தான ஆள்.

இலேசான உடம்புக்காரர்களுக்கு அப்போது வழியே குறைவு. பந்து கையைவிட்டுக் கிளம்பும்வரை ரிசீவரைத் தடுப்பாட்டக்காரர் களம் நெடுகிலும் முட்டலாம், இடிக்கலாம். 1978இல் விதி மாறியது: முதல் ஐந்து கஜத்தைத் தாண்டிய ரிசீவரை இடிக்கக் கூடாது. சிறிய ரிசீவர்களின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி வேறில்லை. 1983இல் எட்டாம் சுற்றுவரை காத்திருந்து மயாமி அணிக்குப் போன மார்க் கிளேட்டனின் உயரம் 5 அடி 9 அங்குலம். மறு ஆண்டே 18 டச்டவுன் பிடித்து அன்றைய சாதனையை முறியடித்தார். வாஷிங்டன் அணியின் குட்டை ரிசீவர்களுக்கோ ‘ஸ்மர்ஃப்’ என்ற கார்ட்டூன் குள்ளர்களின் பெயரே செல்லப்பெயர்.

1982இல் டாம்பாவில் தொடங்கி, 1987 முதல் இண்டியானாபொலிசில் நடக்கும், டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாமான ‘கம்பைன்’ இந்த வழக்குக்கு நிரந்தர நீதிமன்றம் ஆயிற்று. சந்தையில் மாட்டைப் பல்பிடித்துப் பார்ப்பதுபோல இங்கே எல்லாம் அளவு. உயரத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குவரை அளந்து நான்கு இலக்கத்தில் எழுதுவார்கள்: 5093 என்றால் 5 அடி, 9 அங்குலம், மூன்று எட்டாம் பங்கு. கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை கையை விரித்து அளப்பார்கள். ஓட்டத்தின் முடிவைப் பதிவு செய்வது மின்கதிர். தொடக்கத்தையோ, ஓடுபவர் அசைந்ததைக் கண்டு ஒரு மனிதர் விரலால் அழுத்தும் பொத்தான்தான் நெடுங்காலம் பதிவு செய்தது. நூறில் ஒரு பங்கு வினாடிக்காக நடந்த சண்டைகளை நினைத்தால் சிரிப்புதான் வரும்.

2001இல் மூன்றாம் சுற்றில் போன ஸ்டீவ் ஸ்மித், 5 அடி 9 அங்குல ஆள், 2005இல் 1,563 கஜத்துடன் முதலிடம் பிடித்தார். 103 கேட்ச் என்ற கணக்கிலும் டச்டவுனிலும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2008 முதல் சுற்றில் ஒரு ரிசீவரைக்கூட யாரும் எடுக்கவில்லை. கலிபோர்னியாவின் டெஷான் ஜாக்சன் 77 கிலோகூட இல்லை என்பதால் ஆறு ரிசீவர்கள் போன பிறகே, 49ஆவது ஆளாக, பிலடெல்பியாவுக்குப் போனார். பின்னாளில் அவர் 11,000 கஜத்தைத் தாண்டினார். அடுத்து அணிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன. 2013இல் டேவன் ஆஸ்டின் 8ஆவது ஆளாகவும், 2017 கம்பைனில் 4.22 வினாடியில் ஓடிச் சாதனை படைத்த ஜான் ராஸ் 9ஆவது ஆளாகவும் போனார்கள். இருவரில் ஒருவர்கூட எந்தச் சீசனிலும் 600 கஜம் பிடிக்கவில்லை.

காரணம் அந்த முதல் ஐந்து கஜத்தில் இருக்கிறது. கம்பைனில் ஓடும்போது எதிரே ஆள் கிடையாது. ஆட்டத்திலோ தடுப்பாட்டக்காரர் மூக்குக்கு நேரே நின்று, விதி இன்னும் அனுமதிக்கும் அந்த இடத்துக்குள் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தி நிறுத்துவார். தோளைச் சாய்த்து, கையைத் தட்டிவிட்டு, காலை மாற்றி வைத்துக் கழன்றுகொள்ளத் தெரிந்தால்தான் வேகம் காசாகும். ஸ்மித்துக்கு அது தெரிந்திருந்தது. தெரியாதவரைப் பயிற்சியாளர் உட்புறமாக நிறுத்தியோ, ஆட்டம் தொடங்குமுன்பே நகரவிட்டோ காப்பாற்றலாம். அப்படிச் செய்ய மனமில்லாத அணி அவரை எடுப்பது வீண். ஆகவே ஆளை மட்டுமல்ல, எடுக்கப்போகும் அணியின் ஆட்டத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

2020இல் கல்லூரி ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவருக்கான ஹைஸ்மன் விருது வென்ற அலபாமாவின் டெவோன்டா ஸ்மித் 75 கிலோ. பிலடெல்பியா அவரை 10ஆவது ஆளாக எடுத்தது. 2024 கம்பைனில் 4.21 ஓடி ராஸின் சாதனையை முறியடித்த டெக்சஸின் சேவியர் வொர்தியும் அதே எடைதான். கன்சாஸ் சிட்டி 28ஆவதாக எடுத்தது. 2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் இருவரும் எதிரெதிரே ஆடினார்கள். வொர்தி 157 கஜமும் 2 டச்டவுனும் எடுத்தார். ஸ்மித் 46 கஜத்தில் ஒரு டச்டவுன் பிடித்தார். ஆட்டத்தை 40-22 என்று பிலடெல்பியா வென்றது.