தங்கூசி: ஒரு தூண்டில் நரம்பின் வரலாறு

தமிழகக் கடற்கரையிலும் ஈழத்திலும் நைலான் தூண்டில் நரம்பைத் தங்கூசி என்றும் தங்கூஸ் என்றும் சொல்கிறார்கள். நைலானோ 1935இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் உருவாக்கிய பொருள்; 1938இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்படியானால் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? மலாய் மொழியில் தூண்டில் நரம்பு 'தாலி தங்சி'. ஜப்பானியர் அதைத் 'தெகுசு' என்பர்; அச்சொல் முதலில் குறித்தது பட்டுப்புழுவின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட நரம்பை. இச்சொற்களின் உறவை மொழியறிஞர்கள்தாம் உறுதிசெய்ய வேண்டும். ஆயினும் வங்கக் கடலின் இரு கரைகளுக்கும் இடையே பொருளும் பெயரும் பயணம் செய்தன என்ற எண்ணத்தை இந்த ஒலியொற்றுமை நமக்குத் தருகிறது.

பட்டுப்புழு நரம்பு எளிதில் கிடைப்பதன்று. கூடு கட்டும் பருவத்துப் புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியைப் பிடித்து இழுத்தால் ஏறத்தாழ ஒரு முழ நீளத்துக்கு ஒளி ஊடுருவும் இழை ஒன்று வரும். அதற்கு மேல் நீளாது. எனவே நீண்ட நரம்பு வேண்டுவோர் இழைகளை முடிச்சிட்டு இணைத்தே ஆக வேண்டும். தூண்டிலின் வரலாறு என்பது பெருமளவுக்கு இந்த இணைப்பின் வரலாறுதான்.

திருவள்ளூர் மாவட்டத்தின் கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கே பழவேற்காட்டு ஏரி. தெற்கே வள்ளூரை ஒட்டிக் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம். பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர்கள் கெல்திரியா கோட்டையை எழுப்பியது பருத்தித் துணிக்காக. அந்தத் துணிக்குக் கணக்கேடுகள் உண்டு. முழமும் விலையும் நிறமும் எழுதப்பட்டன. அதே ஊரில் பருத்தி நூலையும் சணப்பு நாரையும் முறுக்கி வலையும் தூண்டில் கயிறும் செய்தவர்களின் கைவினைக்கு எந்தக் கம்பெனியும் ஏடு வைக்கவில்லை.

அந்தக் கைவினையில் நுட்பம் இல்லாமலில்லை. இழைகளை ஒரு திசையில் முறுக்கிப் புரியாக்குவார்கள். புரிகளை எதிர்த் திசையில் முறுக்கிக் கயிறாக்குவார்கள். ஒரு முறுக்கு அவிழ முயலும்போது மற்றது இறுகும்; கயிறு தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். அறுந்த கயிற்றை முடிச்சிட்டால் அவ்விடம் தடித்துவிடும், வலுவும் குறையும். ஆகவே இரு முனைகளின் புரிகளையும் பிரித்து, ஒன்றின் புரியை மற்றதன் இடுக்கில் மாற்றி மாற்றிச் செருகி இணைப்பது கயிற்றுத் தொழிலின் பழைய முறை. நார் நீரில் அழுகும் என்பதால் பனிச்சங்காய்ச் சாற்றிலோ மரப்பட்டைச் சாயத்திலோ தோய்த்துக் காயவைப்பார்கள். இதைச் சில நாட்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்தாக வேண்டும். சென்னை மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளை விரிவாக எழுதி வெளியிட்டது 1925இல். அதற்கு முன் இவை எழுத்தில் ஏறியது மிகக் குறைவு.

இதே காலத்தில் ஆங்கிலேயர் தங்கள் தூண்டிலைப் பற்றி எழுதியவற்றைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1496இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சான தூண்டில் நூல் ஒன்று குதிரைவால் மயிரைத் தெரிந்தெடுப்பது, பருவத்துக்கேற்பச் சாயமேற்றுவது, முறுக்குவது, முடிச்சிடுவது ஆகிய அனைத்தையும் படிப்படியாகச் சொல்லிவிடுகிறது. அவர்களுடைய ஒரு முறை நம் முறையிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. நம் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். இறகாலும் நூலாலும் பூச்சி போலச் செய்த ஈயை வீசிப் பிடிக்கும் முறையிலோ, ஈக்குக் கனமே இல்லை. நரம்பின் கனமே ஈயைச் சுமந்து போக வேண்டும். அதனால் நரம்பு கைப்பக்கம் தடித்தும் நுனியை நோக்கிப் படிப்படியாக மெலிந்தும் இருக்க வேண்டும். குதிரைமயிர்க் காலத்தில் ஒவ்வொரு துண்டிலும் மயிர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போய் இந்த மெலிவை உண்டாக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளிவிதை எண்ணெய் ஊட்டிய பட்டுக்கயிறு வந்தது. அதையும் ஒவ்வொரு நாளும் உலர்த்திக் கொழுப்புத் தடவ வேண்டும், இல்லையேல் அழுகும். பனிச்சங்காய்ச் சாறும் ஆளிவிதை எண்ணெயும் போரிட்டது ஒரே பகையோடுதான்.

சென்னை மாகாணத்தில் இக்கலையின் பெரும் பரப்புநர் ஹென்றி சல்லிவன் தாமஸ். மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர். 1873இல் 'தி ராட் இன் இந்தியா', 1887இல் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என இரு நூல்கள் எழுதினார். இரண்டாவது நம் ஏரி குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றியது. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் மீனைக் குடியேற்ற 1860களில் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச். சி. வில்சன் அதில் வென்றார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. ஓர் அயல் மீனும் அதைப் பிடிக்கும் அயல் நரம்பும் சேர்ந்தே மலையேறின.

இது வெறும் பொழுதுபோக்கின் கதை என்று கடந்துவிட முடியாது. தாமஸும் டேயும் தூண்டில் ஆர்வலர்கள் மட்டுமல்லர். அரசுக்கு மீன்வளம் குறித்து அறிக்கைகள் தந்தவர்கள். சிறுகண் வலைகளும் நஞ்சும் ஆற்றுமீனை அழிக்கின்றன என்பது அவர்கள் வாதம். அவ்வாதங்களின் வழியில் வந்தது 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். வெடியும் நஞ்சும் இட்டு மீன்பிடிப்பதை அது தடுத்தது. வலைக்கண்ணின் அளவு குறித்து விதி செய்யும் உரிமையை மாகாண அரசுகளுக்கு அளித்தது. நஞ்சைத் தடுத்தது நன்றே. ஆனால் எந்தக் கருவி நாகரிகமானது, எது அழிவுக்குரியது என்று தீர்மானித்தவர்கள் தூண்டிற்கோல் ஏந்தியவர்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களைச் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு இருக்கிறது. நீரைக் காப்பதற்கான விதிகளை வலைக்காரர்களும் செய்துகொண்டார்கள் என்பதற்கு அது சான்று. அது சட்டப் புத்தகத்துக்குள் போகவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நைலான் வந்தது. இந்தியாவில் 1950களில் கேரளத்தில் தொடங்கிய இந்திய நார்வே திட்டம் புதிய மீன்பிடிக் கருவிகளுக்கு வழிதிறந்தது. 1974இல் நம் பகுதியின் மணலியிலேயே டயர்களுக்கான நைலான் நூல் ஆலை எழுந்தது. கும்மிடிப்பூண்டியிலும் தொழில்நுட்ப இழைகள் உற்பத்தியாயின. முறுக்குவது, தோய்ப்பது, உலர்த்துவது ஆகிய மூன்று வேலைகளும் ஒரு தலைமுறைக்குள் கரையிலிருந்து ஆலைக்குப் போய்விட்டன. மேலைநாடுகளிலும் 1950களில் பிவிசி பூசிய நரம்பு பட்டை வீழ்த்தியது. 1960களின் தொடக்கத்தில் அதற்கு எடைத் தரமும் வகுத்தார்கள்: நரம்பின் முதல் முப்பது அடியை நிறுத்து எண்ணிடுவது. ஆறாம் எண் நரம்பு 160 கிரெய்ன். நம் கணக்கில் பத்து கிராமுக்குச் சற்று மேல்.

விந்தை என்னவென்றால், ஆலைநரம்பு வந்த பிறகும் அங்கே கைவேலை சாகவில்லை. தடித்த நரம்பில் முப்பது அடியை வெட்டியெடுத்து, மெல்லிய ஓட்டக் கயிற்றோடு இணைத்துத் தொலைவுக்கு எறிவோர் இன்றும் உண்டு. மேற்பூச்சைக் கரைத்து நீக்கி, உள்ளிருக்கும் பின்னலை மடக்கி, அதன் மேல் நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசையிட்டால் விரலுக்குத் தட்டுப்படாத இணைப்புக் கிடைக்கும். தன் கோலுக்கும் தன் ஆற்றுக்கும் ஏற்ற நரம்பைத் தானே செய்துகொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம். அதைச் சொல்லித்தர நூல்கள் இருக்கின்றன. வறுமையின் கைவினை மறைந்துபோக, வசதியின் கைவினை மட்டும் நிலைத்திருப்பது வரலாற்றின் பழைய ஓரவஞ்சனை.

தங்கூசிக்கு அழுகல் இல்லை. முன்னோர் கனவு கண்டது அதைத்தான். இன்றைய சிக்கலும் அதுவே. தொலைந்த வலை நீருக்கடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, யாருக்கும் பயனின்றி மீன்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. இலங்கையில் தங்கூசி வலைக்குத் தடை விதிக்க வேண்டியதாயிற்று. எண்ணூர்க் கழிமுகத்தின் துயரமோ நரம்போடு நிற்பதன்று. வள்ளூரில் 2012 முதல் 2015 வரை மூன்று அலகுகளாக 1500 மெகாவாட் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இப்பகுதி அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழிமுகத்தில் கலந்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, படகுகளும் வலைகளும் கறுத்தன. அழுகாத வலையும் அன்று பயனற்றுப் போயிற்று.

நெய்தல் திணையைப் பாடிய மொழி நம்முடையது. பரதவரின் வலையும் தூண்டிலும் அப்பாடல்களில் உண்டு. ஆயின் அந்தக் கயிற்றுக்கு எத்தனை புரி, எந்தப் பட்டையின் சாயம், எப்படிப்பட்ட இணைப்பு என்று கேட்டால் நம்மிடம் விடை குறைவு. ஆயிரங்கால் தூண்டிலில் கிளைக்கயிறுகளைப் பிணைக்கும் முடிச்சுக்கும், கிழிந்த வலையைப் பொத்தும் கைப்பழக்கத்துக்கும் ஊருக்கு ஊர் பெயர்கள் இருக்கும். பருத்தி வலையைக் கையாண்ட தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. அவர்கள் விரல்களுக்குத் தெரிந்ததை எழுத்தில் ஏற்றுவது இலக்கியம் படிக்கிறவர்களின் வேலையும்தான் என்று நாம் நினைக்கிறோம். அதற்குச் சிற்றகராதி ஒன்று போதும். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தும் இருக்கிறது.